செத்த குதிரையின் வால்: படைச்சரக்கும் அடையாளப் பொறியும்

  

பொங்கல் விடுமுறையில் சித்தூர் சென்றிருந்தேன். என் தாய்மாமா அங்கே சிறிய தையற்கூடம் ஒன்று நடத்துகிறார். முன்னறையில் நாற்பது அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. உள்ளே கித்தான் தோள்பைகள். சீருடைப் பணியினருக்குப் பொருள் வழங்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்காக மாமா உள்ஒப்பந்தத்தில் தைத்தவை. பைகளில் குறை ஏதுமில்லை. பெட்டிகளின்மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிடங்கின் கருவியால் படிக்க இயலவில்லை, ஆகவே சரக்கு வந்து சேர்ந்ததாகவே பதிவாகவில்லை, திரும்பி வந்துவிட்டது. போகவர வண்டிச்சத்தம் மாமாவின் கணக்கில்.

"ஏம்பா, பெட்டியத் தொறந்து பாத்தா உள்ள பை இருக்கிறது தெரியாதா?" என்று அவர் கேட்டார்.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் இதற்கு விடை கூற முயன்றேன். பொருள் வேறு, பொருளைச் சுட்டும் குறி வேறு என்று தொடங்கினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு மொழியியலில் பாதி விடைதான் உண்டு. மறுபாதி வரலாற்றில் இருக்கிறது. படைக்குப் பொருள் விற்பவர் தம் பொருளுக்கு அடையாளம் இட்டுத் தரவேண்டும் என்ற விதி எப்படி வளர்ந்தது, அந்த அடையாளம் தவறினால் இழப்பு யாருடையது என்பதே அந்த மறுபாதி. அதன் முக்கியமான ஏடுகளில் சில, சித்தூர், திருப்பதி வட்டாரத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

1. காயலும் சந்திரகிரியும்

தென்னிந்திய அரசுகளின் மிகப் பெரிய படைக் கொள்முதல் குதிரை. இம்மண்ணில் நல்ல குதிரை வளர்வதில்லை. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கடல்வழியே வரவேண்டும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் 1400 குதிரைகள் அனுப்புவதற்குக் கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் செய்துகொண்ட உடன்பாட்டைப் பதிவு செய்துள்ளார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலை. வழியில் குதிரை இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியக் கருவூலம் தந்துவிட வேண்டும் என்பது உடன்பாட்டின் ஒரு கூறு. கடலின் இடர் முழுவதையும் வாங்குபவரே ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் இது.

இரு நூற்றாண்டுகள் கழித்து அதே ஏற்பாடு சந்திரகிரியோடு தொடர்புடைய ஓர் அரசரிடம் காணப்படுகிறது. இன்றைய திருப்பதி மாவட்டத்திலுள்ள சந்திரகிரியைத் தளமாகக் கொண்டு வலிமை பெற்று, 1485இல் விசயநகர அரியணையைக் கைப்பற்றிய சாளுவ நரசிம்மரே அவர். ஹோர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து குதிரை வணிகரை ஈர்க்க அவர் கேட்ட விலையைக் கொடுத்தார் என்று போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதுகிறார். ஆயிரம் பர்தாவுக்கு மூன்று குதிரை. உயிருடன் வந்தாலும் சரி, இறந்து போனாலும் சரி. கடலில் இறந்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்கு ஆகும் விலை கிடைத்துவிடும்.

நூனிஸ் தாமே குதிரை வணிகர். ஆகவே இச்செய்தியை விற்பவர் தரப்பிலிருந்து வந்த சாட்சியாகப் படிக்க வேண்டும்.

பாண்டிய உடன்பாட்டை விவரிக்கும் வஸ்ஸாஃபின் குறிப்பில் சான்று பற்றிய பேச்சு இல்லை. நூனிஸின் குறிப்பில் சான்று வந்துவிடுகிறது: வால். படைக்குப் பொருள் வழங்குவோர் சமர்ப்பிக்க வேண்டிய அடையாளம் என்று இதைக் கொள்ளத் தடையில்லை. இதில் ஒரு நேர்மையும் உண்டு. சான்று கேட்ட அரசு, இழப்பையும் தானே ஏற்றுக்கொண்டது. வால் என்பது பணம் பெறுவதற்கான உரிமைச்சீட்டு.

ஆனால் வால் சொல்லாதது ஒன்றுண்டு. குதிரை எப்படி இறந்தது என்பதை அது சொல்லாது. பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்றும், குதிரைகள் விரைவில் மடிந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும் என்பதே காரணம் என்றும் எழுதியுள்ளார். அடையாளம் எண்ணிக்கையைக் காக்கும், நோக்கத்தைக் காக்காது.

2. தோலில் பதித்த எழுத்து

நூனிஸ் நூலின் பிற்பகுதி அச்சுதராயர் காலத்தைப் பேசுகிறது. அச்சுதராயர் சந்திரகிரிக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்து, 1529இல் அரியணைக்கு வந்தவர். திருமலையிலும் காளத்தியிலும் அவருக்கு முடிசூட்டு நடந்தது. அவர் காலத்தில் அரசர் வழங்கிய குதிரைகள் அனைத்துக்கும் அரச முத்திரை சூடாகப் பதிக்கப்பட்டிருந்தது என்கிறார் நூனிஸ். குதிரை இறந்தால், முத்திரை இருக்கும் தோல் துண்டை அறுத்தெடுத்துக் குதிரைத் தலைமை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் மாற்றுக் குதிரை கிடைக்கும்.

வாலுக்கும் இத்தோல் துண்டுக்கும் இடையே குறியியல் நோக்கில் பெரிய வேறுபாடு உள்ளது. வால், பொருளின் ஓர் உறுப்பு. ஒரு குதிரை இருந்தது என்பதற்கு இயற்கையே தரும் தடயம். யாருடைய குதிரை என்பதை அது சொல்லாது. சூட்டுக்குறி அப்படியல்ல, அது மனிதர் இட்ட வழக்கு, எழுத்தைப் போன்றது. உடைமையைச் சொல்லும். ஆயினும் இந்தக் குதிரையா அந்தக் குதிரையா என்று பிரித்துச் சொல்லாது. ஒரே முத்திரைதான் எல்லாக் குதிரைக்கும்.

அந்தக் குறையை வடக்கே வேறு வகையில் நிரப்பினர். அலாவுதீன் கில்சி குதிரைகளுக்குச் சூட்டுக்குறி இடும் 'தாக்' முறையை நடைமுறைப்படுத்தினார். ஷெர்ஷாவும், 1570களில் அக்பரும் அதை மீண்டும் கொண்டுவந்தனர். கணக்கெடுப்பு நாளில் நல்ல குதிரையைக் காட்டிவிட்டுப் போர்க்களத்துக்கு மட்டக்குதிரையை ஓட்டிவரும் மோசடியைத் தடுப்பதே நோக்கம். குறியுடன் குதிரையின், வீரனின் அங்க அடையாளங்களை எழுதிவைக்கும் பட்டியலும் சேர்ந்தது. பொருளின்மேல் ஒரு குறி, அலுவலகத்தில் ஒரு பட்டியல், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் அதிகாரி: இம்மூன்றும் இணைந்ததே இன்றைய முறையின் எலும்புக்கூடு.

தமிழுக்கு இது புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளின்மேல் சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. எகிப்தின் செங்கடல் துறையான குசைர் அல்-காதிமில் கிடைத்த தமிழ்-பிராமிப் பானை ஓடுகளில் கணன், சாதன் என்ற ஆட்பெயர்கள் உள்ளன. அங்கே கிடைத்த இன்னொரு ஓட்டில் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். உறியில் வைக்கும் பானை. ஒரு பொருள் தன்மேல் தன் பெயரையே எழுதிக்கொண்டு கடல் கடந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

3. மொகிலிக் கணவாய்

அடையாளமே இல்லாத படைச்சரக்கும் இவ்வழியே சென்றிருக்கிறது. ஐதர் அலி 1782 டிசம்பரில் இறந்தது சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில்தான். அவர் மகன் திப்புவுடன் நடந்த அடுத்த போரில், 1791 பிப்ரவரியில் கார்ன்வாலிஸின் படை சித்தூர் வட்டாரத்து மொகிலிக் கணவாய் ஏறி மைசூர் மேட்டுநிலத்துக்குள் நுழைந்தது. பெங்களூர் வீழ்ந்தது. ஆனால் மே மாதத்தில் சீரங்கப்பட்டணத்தின் வாயில்வரை சென்ற அதே படை, தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கியது. எதிரியின் வலிமை மட்டும் காரணமன்று. அரிசி தீர்ந்துவிட்டது, பொதிமாடுகள் ஆயிரக்கணக்கில் மடிந்துவிட்டன.

பின்னர் அப்படையைத் தாங்கியவர்கள் ஆங்கில ஆவணங்கள் 'பிரிஞ்சாரி' என்று குறிப்பிடும் லம்பாடிகள். மாட்டுப் பொதிகளில் தானியம் ஏற்றி, குடும்பத்துடன் படைக்குப் பின்னே நடந்து, முகாம் சந்தையில் விற்ற நாடோடி வணிகர்கள். அவர்களின் பொதியில் முத்திரை இல்லை, பட்டியல் இல்லை. மூட்டையை அவிழ்த்தால் அரிசி தெரியும். விலை பேசி வாங்கிக்கொள்ளலாம். என் மாமா கேட்டது இந்த உலகத்தின் கேள்வி.

லம்பாடிகளைத் திரட்டித் தானியம் வரச்செய்யும் பொறுப்பை ஏற்றவர்களுள் முதன்மையானவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். போர் முடிந்து 1792இல் பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும் அதன் ஆட்சியராக அமர்ந்தவரும் இவரே. தாமஸ் மன்றோ முதலிய உதவியாளர்களுடன் அங்கே வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவர் பெயரிலும் தீர்வை எழுதும் முறைக்கு அடித்தளமிட்டார். அதுவே பின்னாளின் இரயத்துவாரி முறை. தானியம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு படை பட்டினி கிடந்ததைக் கண்ணால் கண்ட அதிகாரி, அடுத்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் கொடுக்கும் வேலையில் இறங்கியதைத் தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. இது என் ஊகம், மறுப்போர் மறுக்கலாம்.

4. நாற்பதாயிரம் பெட்டகங்கள்

கார்ன்வாலிஸ் பின்வாங்கி இருநூறு ஆண்டுகள் கழித்து, 1991 வளைகுடாப் போரில், அமெரிக்கப் படைக்கு எதிர்மாறான சிக்கல் நேர்ந்தது. பொருள் இல்லாமையன்று, பொருள் மலையாகக் குவிந்தது. ஏறத்தாழ 40,000 சரக்குப் பெட்டகங்கள் வந்திறங்கின. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. தேவைப்பட்ட பொருள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் மீண்டும் கேட்டனர். கேட்டதால் குவியல் மேலும் உயர்ந்தது. 'பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரியாதா' என்பதற்கு அந்தப் பாலைவனம் தந்த விடை இது. ஒரு பெட்டியைத் திறக்கலாம்; நாற்பதாயிரத்தைத் திறப்பதற்குள் போர் முடிந்துவிடும்.

இதன் படிப்பினையாகவே ரேடியோ அலை அடையாள முறை, அதாவது ஆர்.எஃப்.ஐ.டி., படைக் கிடங்குகளுக்குள் வந்தது. முதலில் மின்கலம் பொருத்திய பெரிய வில்லைகள் பெட்டகங்களில் கட்டப்பட்டன. பின்னர் மின்கலமில்லாத, காகிதம் போன்ற மெல்லிய சில்லுகள் வந்தன. இவற்றின் இயக்கம் எளிது. படிக்கும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே சில்லு ஆற்றலைப் பெறுகிறது. அதே அலையை மாற்றிப் பிரதிபலித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. 1948இல் ஹாரி ஸ்டாக்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலேயே இக்கருத்து உள்ளது. கேட்டால் மட்டுமே பேசும். கேட்பவரின் மூச்சை வாங்கியே பேசும். உலோகத்தின் அருகிலும் நீர்மத்தின் அருகிலும் அதன் குரல் தடுமாறும்.

2003 அக்டோபரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு கொள்கையை அறிவித்தது. 2004 ஜூலையில் அதற்கு இறுதி வடிவம் கொடுத்தது. 2005 ஜனவரி முதல், பொருள் வழங்குவோர் தாம் அனுப்பும் பெட்டிகளிலும் தட்டுச்சுமைகளிலும் இச்சில்லைத் தாமே ஒட்டி அனுப்ப வேண்டியிருந்தது. பென்சில்வேனியாவின் சஸ்குவெஹன்னா, கலிபோர்னியாவின் சான் வோக்கின் ஆகிய இரு கிடங்குகளில் இது தொடங்கியது. பொட்டல உணவு, உடை, தனிவீரர் கருவிகள், ஆயுத உதிரிபாகங்கள் முதலியன முதல் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டில் கொள்முதல் விதிகளிலும் இது தனிப் பிரிவாகச் சேர்ந்தது. எண் வேறெதிலும் திரும்ப வராததாக இருக்க வேண்டியிருந்தது. அனுப்பும் நேரத்தில் சில்லு படிக்கத்தக்கதாக இருக்க வேண்டியிருந்தது. எந்த எண்ணுடைய பெட்டியில் என்ன இருக்கிறது என்ற முன்னறிவிப்பை மின்வழியே அனுப்ப வேண்டியிருந்தது. மூன்றும் விற்பவரின் கடமைகளாக இருந்தன.

மொழியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பாதுகாப்புத் துறை வகுத்த 96 பிட் வடிவில் இருப்பவை எவை? வடிவத்தைக் காட்டும் தலைப்புக் குறி, பெட்டியா தட்டுச்சுமையா என்று காட்டும் ஒரு சிறு குறி, விற்பவருக்கு அரசு வழங்கிய அடையாளக் குறியீடு, ஒரு தொடர் எண். அவ்வளவே. பொருளின் பெயர் அதில் இல்லை. குசைரில் கிடைத்த பானை தன்னைப் 'பானை' என்றது. இச்சில்லு ஒட்டிய பெட்டி 'நான் இன்னாரிடமிருந்து வந்த இத்தனையாவது' என்று மட்டும் சொல்கிறது. பொருள் பற்றிய அறிவு முழுவதும் முன்னறிவிப்பில், அதாவது அலுவலகத்துப் பட்டியலில் இருக்கிறது. சூட்டுக்குறி 'நான் அரசருடையது' என்றது. சில்லு 'இதற்கு இவர் பொறுப்பு' என்கிறது. உடைமையைச் சொன்ன குறி, பொறுப்பைச் சொல்லும் குறியாக மாறிவிட்டது.

5. கட்கியிலிருந்து அலிபிரி வரை

இந்தியாவிலும் இது நடைமுறைக்கு வந்துவிட்டது. 2021இல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட முனிஷன்ஸ் இந்தியா நிறுவனம். 2022 செப்டம்பரில், ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு ஒட்டிய முதல் வெடிபொருள் சரக்கு, மூன்று லாரிகளில் 5.56 மி.மீ. தோட்டாக்கள், கட்கி தொழிற்சாலையிலிருந்து புல்காவ் மத்திய வெடிபொருள் கிடங்குக்குப் புறப்பட்டது. 2016இல் பெருந்தீ விபத்தில் உயிர்களைப் பலிகொடுத்த கிடங்கு அது. எந்தப் பெட்டி எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, எவ்வளவு பழையது என்று தொடாமலே அறிவது, வெடிபொருளைப் பொறுத்தவரை கணக்குப்பிள்ளையின் வசதி மட்டுமன்று. உள்ளே வேலை செய்பவரின் உயிர்.

ஆகவே அடையாளமே வேண்டாம் என்பது என் வாதமன்று. இந்நுட்பம் நம் அன்றாடத்திலும் இருக்கிறது. வாகனக் கண்ணாடியில் ஒட்டியுள்ள ஃபாஸ்டேக்கும் இதே வகைச் சில்லுதான். 2025 ஆகஸ்ட் 15 முதல் திருமலைக்கு ஏறும் வாகனங்களுக்கு ஃபாஸ்டேக் கட்டாயம் எனத் தேவஸ்தானம் அறிவித்தது. அலிபிரியில் வண்டி ஒரு கணம் நிற்கிறது. கேட்காத குரலில் ஒரு கேள்வி, ஒரு விடை. மேலே கோயிலின் சுவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள், பெரும்பான்மை தமிழில். அவை கொடுத்தவர் பெயர், கொடுத்த பொருள், தவறினால் யார் பொறுப்பு என்பதை எவரும் படிக்கும்படி எழுதிவைத்தவை. கீழே ஒட்டியிருக்கும் எழுத்தைக் கருவி மட்டுமே படிக்கும். அதை ஒட்டிக்கொண்டவராலும் படிக்க இயலாது.

6. பொறி

மாமாவின் கேள்விக்கு இப்போது என் விடை இது.

படைக்குப் பொருள் விற்பவரிடம் அரசு சான்று கேட்பது பழையது, நியாயமும்கூட. ஆனால் சந்திரகிரி அரசர் வாலைக் கேட்டபோது, செத்த குதிரைக்கும் விலை கொடுத்தார். சான்றும் இடரும் எதிரெதிர்த் திசையில் கைமாறின: விற்றவர் சான்றைத் தந்தார், வாங்கியவர் இழப்பை ஏற்றார். அச்சுதராயர் காலத்தில் தோல் துண்டைக் கொடுத்தவருக்கு மாற்றுக் குதிரை கிடைத்தது. இன்றைய ஒப்பந்தச் சங்கிலியிலோ சான்றும் இழப்பும் ஒரே திசையில், கீழ்நோக்கி நகர்கின்றன. பெரிய நிறுவனம் சில்லின் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளும்; அதற்குக் கீழே உள்ஒப்பந்தத்தில் தைப்பவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு. சீட்டு படியாவிட்டால், உயிருள்ள குதிரையும் வராத குதிரையாகிவிடுகிறது. படிக்கும் கருவி வாங்குபவரிடம். படிக்காமல் போனதன் பழி விற்பவரிடம்.

ஒப்பந்தம் எழுதுவோர் செய்யத்தக்கது அரிதன்று. கருவி படிக்காத பெட்டியைத் திருப்பி அனுப்புமுன் திறந்து பார்க்கும் கடமையை வாங்குபவர்மேல் ஒரு வரியில் எழுதிவிடலாம். நாற்பதாயிரம் பெட்டகங்களுக்குப் பொருந்தாத இவ்விதி, நாற்பது அட்டைப்பெட்டிகளுக்குப் பொருந்தும்.

தமிழில் இதற்கு நல்ல சொல் ஒன்று உண்டு: பொறி. பொதிமேல் இடும் அடையாளம் பொறி. புலிப்பொறி அப்படி வந்தது. இயந்திரமும் பொறி. கண், செவி முதலிய புலன்களும் பொறி. ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு அடையாளமாகவும் இயந்திரமாகவும் அரசின் புலனாகவும் இருப்பதால், மூன்று பொருளும் அதற்கு ஒருசேரப் பொருந்துகின்றன. நான்காவதாக ஒரு பொருளும் உண்டு. எலிப்பொறியில் வரும் பொறி. அந்த நான்காம் பொருள் பொருந்துமா பொருந்தாதா என்பது சில்லைப் பொறுத்ததன்று, ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

பெட்டிகள் இன்னும் முன்னறையில்தான் இருக்கின்றன. மாமா புதுச் சீட்டு அச்சடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்.